அம்புக்குச் செட்டை பூட்டிய கதை

1

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் இருக்கும் என் தம்பியின் மனைவி போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டாள். வழக்கம்போலச் சுகம் விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள்.

“மச்சாள், கோயிலடியிலை சனம் கேக்குது. நீங்கள் அங்கை வில்லும் அம்பும் கொண்டு காட்டுக்குள்ளை திரியிறீங்களாம். உண்மையே?”

“ஓம், உண்மைதான்.”

அவள் குரலைத் தாழ்த்தி, “ஏன் மச்சாள், அங்கை சாப்பாட்டுக்குக் கஷ்டமே?” என்று கேட்டாள்.

சிரித்துச் சமாளித்தேன். ஆனால் இந்தக் கதை கோயிலடியிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கல்யாண வீடுகளுக்கும் கை கால் முளைத்துப் போவதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், மல்வேர்னில், ஒட்டு வீடுகளின் வரிசையொன்றில் குடியிருக்கிறோம். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. இரண்டு முழங்காலிலும் நோ. சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை.

வில்லைக் கையில் தந்தது மகள் நிலானிதான். மூன்று வருஷத்துக்கு முந்தி என் பிறந்தநாளுக்கு, இரண்டு பேருமாய்ச் சேர்ந்து ஏதாவது பழகுவோம் என்று வில் வகுப்பில் பெயர் பதிந்தாள். இரண்டாம் வகுப்போடு அவளுக்கு அலுத்துவிட்டது. நான் தொடர்ந்து போனேன். வேலை, வீடு, ஊர்க்காரர் சங்கம் எல்லாம் யாரோ சொல்லி, யாரோ கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தவை. நாணை இழுத்துக் கன்னத்தில் வைத்து நிற்கும் அந்த ஒரு மூச்சு மட்டும் நானாக விரும்பி வைத்துக்கொண்டது. அதை விட மனமில்லை.

வேட்டைக்குப் போகும் எண்ணம் அப்போது இல்லை. அது போன வருஷத் தீபாவளியன்று சாப்பாட்டு மேசையில் வந்தது.

எங்கள் வரிசையில் ஏழு தமிழ் வீடுகள். ஊரில் தீபாவளிக்கு ஆடு அடித்துப் பங்கு போடுவது போலவே இங்கேயும் நடக்கும். ஒஷாவாவுக்கு வடக்கே வோல்ட்டர் என்ற கிழவரின் பண்ணையில் ஆடு வாங்கி, பக்கத்து அறுப்புக்கூடத்தில் கொடுத்து, இறைச்சியைக் கராஜில் வைத்துப் பங்கு பிரிப்பார்கள். நிலானி இப்போது ஒஷாவாவில் தனியாக இருக்கிறாள். அங்கே போன பிறகு இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். நல்லநாள் பெருநாளுக்கு வந்தாலும் தன் சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டு வருவாள். அன்றைக்கு அந்தப் பெட்டியைத் திறந்துகொண்டே சொன்னாள்:

“நீங்கள் எல்லாரும் லிற்றரலி வேறை ஆளுக்குக் காசு குடுத்துக் கொல்லுறீங்கள். அன்ட் தென், சாமி கும்பிட்டிட்டுச் சாப்பிடுறீங்கள்.”

இவர், என் கணவர், கறியைக் குழைத்த கையோடு அவளை முறைத்தார். எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னது சரியென்று பட்டதுதான் எரிச்சலாக இருந்தது.

“அப்ப அடுத்த தீபாவளிக்கு என்ரை கையாலை செய்யிறன். இல்லாட்டி இறைச்சியே சாப்பிடேல்லை,” என்றேன்.

“வாட்? அம்மா, நான் சொன்னது அதில்லை!”

“நான் சொல்லுறது அதுதான்.”

அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஓகே. அது வருந்திச் செத்தா? யு கான்ட் அன்டூ தட், அம்மா.”

“வருந்தாமல் பாப்பன்,” என்றேன். எப்படிப் பார்ப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். வருஷம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஓடினேன்.

2

இந்த நாட்டில் நினைத்த உடனே வில்லைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக முடியாது. வகுப்பு, பரீட்சை, அட்டை, அனுமதி, மானுக்குத் தனி அனுமதி என்று படிபடியாக ஏற வேண்டும். மான் வேட்டைக்கு வில் நாற்பது இறாத்தல் அளவுக்காவது இழுக்க வேண்டும் என்பதும் சட்டம். கப்பி வைத்த வில் என்பதால் முழுதாக இழுத்த பிறகு பாரம் குறைந்துவிடும். ஆனாலும் அந்த இடம் வரை தோள்மூட்டு கத்தும். ஆஸ்பத்திரியில் ஈரத் துணிமூட்டை தூக்கிய தோள் அதற்கு உதவியது.

பாடப் புத்தகத்தில் ‘ஃபீல்ட் ட்றெசிங்’ என்று ஒரு அத்தியாயம். வயலுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய உடுப்பைப் பற்றியது என்று நினைத்து, உடுப்பு எனக்குத் தெரியும்தானே என்று கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் திறந்து பார்த்தால், அடித்த மிருகத்தின் குடலை அந்த இடத்திலேயே எடுத்துத் துப்புரவாக்குவது எப்படி என்று படத்தோடு போட்டிருக்கிறது. இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பரீட்சையில் அந்தப் பகுதியில் ஒரு கேள்வியும் பிழைக்கவில்லை.

அட்டைக்கு விண்ணப்பிக்கும் கவுண்டரில்தான் கொஞ்சம் தடுமாறினேன். பயிற்சி முடித்தவரா, ஆம், இல்லை என்று ஒரு கேள்வி. பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது, அகதி விசாரணை அறையில் இதே மாதிரி ஒரு கேள்வியை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். ஆயுதப் பயிற்சி எடுத்தீரா? யாராவது எடுக்கச் சொன்னார்களா? எடுப்பதைப் பார்த்தீரா? இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லித்தான் இந்த நாட்டுக்குள் வந்தேன். அது உண்மையும்கூட. அதற்கும் முந்தி, யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடி ஒன்றில் அம்மாவின் பைக்குள் கிடந்த பாக்குவெட்டியைத் தூக்கிப் பிடித்து, இது என்ன, எதற்கு என்று வெயிலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்கள். அம்மா பாக்கில்லாமல் வெறும் காற்றைச் சீவிக் காட்டினாள். பின்னால் நின்ற நான் பயத்தில் அழுதேன். அப்படிப்பட்டவளிடம் இப்போது பயிற்சி முடித்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

“ஏதும் பிரச்சினையா?” என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். இல்லை என்று சொல்லி ‘ஆம்’ என்ற பெட்டியில் அழுத்தமாகப் புள்ளடி போட்டேன்.

வீட்டில் இவருக்கு அதே பயம் வேறு விதமாக இருந்தது. “சிற்றிசன்சிப் கிடைச்சிட்டுதெண்டாப் போலை? நாளைக்கு ஆரும் கேட்டா என்ன சொல்லுவீர்? உமக்கேன் உந்தச் சோலி?” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். மிசிசாகாவில் விமான நிலையத்துப் பொதிகளோடு வேலை செய்கிறவர். பூட்டிய பெட்டி எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுவது அவருடைய தொழில்.

காரை அவர் வேலைக்குக் கொண்டுபோகும் நாட்களில் நான் வில்லை உறையில் போட்டுப் பஸ்ஸில், பள்ளத்தாக்கில் இருக்கும் வில் பழகும் மைதானத்துக்குப் போவேன். ஒருநாள் பக்கத்து இருக்கையில் நம்முடைய ஆள் ஒருவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், உறையை ஆசையோடு பார்த்தார்.

“தங்கச்சி, உது வீணையோ?”

“இல்லை அங்கிள், வில்லு.”

“நல்லது, நல்லது,” என்றவர், தன் இடம் வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

3

அட்டை கிடைத்தாலும் போவதற்கு ஒரு இடம் வேண்டும். வோல்ட்டரின் சோயாவை மான்கள் மேய்ந்து தள்ளுகின்றன என்பது எங்களுக்குத் தெரியும். ஆடு வாங்கப் போகும்போதெல்லாம் அதைச் சொல்லி ஏசுவார். ஆகவே செப்ரெம்பர் தொடக்கத்தில் போய்க் கேட்டேன். ஏறிட்டுப் பார்த்தார். வழக்கமாக ஆட்டுக்கு விலை பேசும்போது காருக்குள் இருக்கிற பொம்பிளை, இறங்கி வந்து வேட்டைக்கு அனுமதி கேட்கிறாள்.

மறுக்கவில்லை. ஒரு சோதனை வைத்தார். பறவையைத் தூக்கி எறிகிற அளவு காற்றடித்தாலும் மழை பெய்தாலும் குறித்த நாளில் வர வேண்டும். இருபத்தைந்து யார் தூரத்தில் ஒரு கடதாசிக் கோப்பை. வேட்டை முனை பூட்டிய மூன்று அம்பும் அதற்குள் விழ வேண்டும். ஒன்று வெளியே போனாலும், கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். முன்பு ஒருமுறை, யாரோ அடித்துவிட்டுத் தொலைத்த மான் ஒன்று, தொடையில் அம்போடு அவருடைய வேலியோரம் நாட்கணக்காய்க் கிடந்திருக்கிறது. அதை முடித்து வைக்க வேண்டி வந்தது அவருக்கு. அதைச் சொல்லும்போது கிழவர் என்னைப் பார்க்காமல் சோயாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மகளுக்குச் சொன்ன சொல்லைக் கிழவருக்கும் சொன்னது போல இருந்தது.

இந்த இடத்தில் செட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்பின் பின்பக்கத்தில் மூன்று செட்டை ஒட்டியிருக்கும். மீனின் செட்டை மாதிரித்தான் வேலையும். நாணை விட்டுப் புறப்படுகிற அம்பு நெளிந்து நெளிந்துதான் போகும். செட்டை காற்றைப் பிடித்து வாலை அடக்கி அதை நேராக்கும். பயிற்சிக்குப் பூட்டுகிற முனை சின்னது, எந்தச் செட்டையோடும் ஒத்துப்போகும். வேட்டை முனையில் சவர அலகு போன்ற தகடுகள் இருக்கும். அவையும் காற்றைப் பிடிக்கும். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று இழுக்க, பின்னால் இருப்பது சோர்ந்தால் அம்பு தன்பாட்டில் எங்கேயாவது போகும். ஆகவே மான் வருந்துமா வருந்தாதா என்பது, பாதிக்கு மேல், அந்த மூன்று செட்டையிலும் இருக்கிறது.

என் அம்புகளில் இருந்தவை உண்மையான இறகுகள், வான்கோழி இறகு. நான் முதலில் பழகிய வில்லோடு சேர்த்து வாங்கியவை. இறகு மெத்தென்றது. வில்லில் எங்காவது உரசினாலும் மடிந்து கொடுத்துப் போய்விடும், தொடங்கினவர்களின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே குறை, நனைந்தால் சோர்ந்து படுத்துவிடும். சோதனை நாளுக்கு மழை என்று வானிலைச் செய்தி சொன்னது.

நீர் ஒட்டாமல் இருக்க என்ன செய்வது? எங்கள் வீட்டில் எதற்கும் ஒரு மருந்துதான். முதல் நாள் மாலை குசினி மேசையில் இருந்து, ஒவ்வொரு இறகுக்கும் தேங்காய் எண்ணெய் தொட்டு, மெல்லிசாக, தலைக்கு வைப்பது போல நீவிவிட்டேன். தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். முத்து முத்தாய் உருண்டு விழுந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காரில் ஹீற்றர் போட்டிருந்தோம். வோல்ட்டரின் வளவில் இறங்கிய போது மூக்கு நுனி கடுத்தது. மழை இல்லை, நல்ல குளிர். கோப்பை வைக்கோல் கட்டொன்றின் நடுவில் வெள்ளையாய்த் தெரிந்தது. முதல் அம்பைப் பூட்டி, இழுத்து, விட்டேன். அது என் கண்ணுக்கு முன்னாலேயே இடப்பக்கம் வளைந்து, கோப்பைக்கு ஒரு சாண் தள்ளி வைக்கோல் கட்டில் ஏறியது. மூன்று வருஷத்தில் அப்படி ஒரு அம்பு விட்டதில்லை.

வோல்ட்டர் போய் அம்பைப் பிடுங்கி வந்தார். செட்டையைத் தடவினார். நகத்தால் சுரண்டினார். வெள்ளையாய் மெழுகு போல வந்தது. மூக்கருகே கொண்டுபோனார்.

“இது என்ன?”

“தலைக்கு வைக்கிற எண்ணெய்,” என்றேன்.

பின்னால் நின்ற இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பனிக்காலம் முழுக்க, காலையில் எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் இறக்கி வைத்து உருக்குகிறவர் அவர்தான். உறைந்த போத்தலைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி அலுத்துப்போன குடும்பம் எங்களுடையது. சூடான குசினியில் இருந்து பூசும்போது அந்த ஞாபகம் எனக்கு ஒரு துளியும் வரவில்லை. இறகின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, விறைத்து, ஒவ்வொரு செட்டையும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

வோல்ட்டர் சிரிக்கத் தொடங்கி இருமலில் முடித்தார். கண்ணைத் துடைத்துவிட்டு, “பிழைத்தது நீ இல்லை, உன் எண்ணெய். இரண்டு கிழமை தருகிறேன். செட்டையைச் சரிசெய்துகொண்டு வா. அடுத்த முறை எந்தச் சாட்டும் கேட்க மாட்டேன்,” என்றார்.

காரில் ஏறியதும் இவர், “காணும். விடுமன் இதை,” என்றார். தயவாகத்தான் சொன்னார். நான் ஒரு இறகைப் பிய்த்துக்கொண்டு வந்தேன். வெட்கம்தான். ஆனால் விடுகிற வெட்கம் இல்லை.

4

மிசிசாகாவில் இவருடைய வேலைத்தலத்துக்குக் கிட்ட ஒரு வில் கடை இருக்கிறது. அங்கே ட்ரேசி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். செட்டைக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்க வைத்திருந்தாள். புடவைக் கடையில் நிற்கிற மாதிரி நின்றேன்.

முதலில் கடும் பச்சையில் கை போனது. காட்டுக்கு ஏற்ற நிறம், அழகாகவும் இருந்தது. ட்ரேசி தலையாட்டவில்லை. மான் உன் செட்டையைப் பார்த்து ஓடப்போவதில்லை, ஆனால் அம்பு எங்கே பட்டது என்று நீ பார்க்க வேண்டும், பிறகு அதை எடுத்து அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படிக்க வேண்டும் என்றாள். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், நல்லது. பச்சையும் நாற்றமும் என்றால் குடல், மிருகம் பாடுபடும். நான் பச்சையை இருந்த இடத்தில் கொழுவிவிட்டு மஞ்சளை எடுத்தேன். மஞ்சளில் சிவப்பு எப்படித் துலங்கும் என்பதைக் குங்குமம் வைக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிறம் லேசு. நீளமும் உயரமும்தான் ஆளைக் கொன்றது. நனையாத பிளாஸ்ரிக் என்று முடிவான பிறகும், நீளமான தணிந்த செட்டையா, கட்டையான உயர்ந்த செட்டையா? நேராக ஒட்டுவதா, முறுக்கி ஒட்டுவதா? ட்ரேசி தன் அபிப்பிராயத்தைச் சொன்னாள். வோல்ட்டரிடம் கேட்டால் வேறு சொல்லியிருப்பார். மைதானத்தில் ஐந்து பேரைக் கேட்டேன், ஆறு பதில் கிடைத்தது. கடைசியில் இரண்டிலும் வாங்கி, நானே ஒட்டி, நானே விட்டுப் பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

குசினி மேசை பட்டறையானது. அம்புத் தண்டை ஸ்பிரிட்டால் துடைத்து, பிடிகருவியில் வைத்து, பசை பூசி, ஒவ்வொரு செட்டையாக அழுத்திக் காயவிட வேண்டும். கறிக் கை படக் கூடாது. சமையலை முடித்து, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து இருப்பேன். இவர் ரீவியைப் பார்ப்பதாகப் பாவனை செய்துகொண்டு என்னைப் பார்ப்பார்.

வேட்டை முனைகளைப் பூட்டிப் பள்ளத்தாக்கு மைதானத்தில், அதற்கென்று அனுமதித்த ஓரத்தில், விட்டுப் பார்த்தேன். நீளமான செட்டை அம்பை நன்றாக அடக்கியது. ஆனால் பக்கக் காற்று வந்தால் அதுவே பாயாகி அம்பைத் தள்ளிக்கொண்டு போனது. அதோடு ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். காது கூர்ந்த மிருகத்துக்கு அது போதும். கட்டையான, உயரமான, விறைப்பான செட்டையைச் சற்று முறுக்கி ஒட்டியபோது அம்பு சுழன்று நிலைத்தது, காற்றையும் பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. சரி, இதுதான் என்று சந்தோஷப்பட்ட நேரத்தில், ஐந்தில் ஒன்று காரணமில்லாமல் விலகியது.

காரணம் இல்லாமல் இருக்காது. பிளாஸ்ரிக் இறகு போல மடிந்து கொடுக்காது. எங்கோ உரசுகிறது. உரசும் இடத்தைப் பிடிக்க, செட்டையில் பவுடர் பூசி விட்டால் உரசிய இடத்தில் பவுடர் அழிந்திருக்கும் என்று ட்ரேசி சொல்லியிருந்தாள். நான் முகப்பவுடரைத் தேடினேன். முடிந்திருந்தது. என் கண் சாமித்தட்டுப் பக்கம் போனதை இவர் கண்டுவிட்டார்.

“இஞ்சை, திருநீற்றிலை கை வைச்சீரோ, பேந்து நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்!”

“நான் சும்மா பாத்தனான்.”

“உம்மடை பார்வை எனக்குத் தெரியும்.” எழுந்து ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போனவர், கால்மணித்தியாலத்தில் ஒரு பெரிய பேணி பவுடரோடு வந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, “எந்தப் பக்கம் உரசுதெண்டு நானும் பாக்கிறன்,” என்று பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். வருஷம் முழுக்க ‘உமக்கேன் சோலி’ என்றவர்.

கீழ்ச் செட்டைதான், வில்லில் அம்பு படுத்திருக்கும் தாங்கியில் தட்டியது. அம்பின் பின்முனையைத் துளி திருப்பிப் பூட்டியதும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும், மழையிலும் காற்றிலும், கை விறைக்கிற வரை விட்டேன். வெயிலிலே நன்றாகப் போகிற அம்பு எனக்குத் தேவையில்லை.

5

வோல்ட்டரின் இரண்டாம் சோதனை நாளில் சாய்மழை. கோப்பை ஈரத்தில் தொங்கியது. மூன்று அம்பும் உள்ளே விழுந்தன, மூன்றாவது விளிம்பைக் கிழித்துக்கொண்டு. கிழவர் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். “உள்ளே,” என்றார். சோயாக் காணியின் கிழக்கு வேலியைக் காட்டினார்.

ஒக்ரோபரில் நான்கு சனிக்கிழமை வேலியோரம் சின்னக் கூடாரத்துக்குள் மடிப்புக் கதிரையில் இருந்தேன். முதல் மூன்றும் வெறுங்கை. ஒருநாள் ஒரு பெரிய கலைமான் வந்தது. தூரம் என் அளவுக்கு மேல். வில்லைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அன்ரி, “என்ன பிள்ளை, பங்கு எப்ப?” என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நாலாம் சனி, தீபாவளிக்கு முந்திய கிழமை, விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு ஒரு பெட்டை மான் தனியாக வந்தது. சோயாத் தட்டைகளை மேய்ந்து மேய்ந்து, இருபது யார் தூரத்துக்குள், எனக்குப் பக்கவாட்டாக நின்றது. தலையைத் திருப்பி வேறெங்கோ பார்த்தது. இழுத்தேன். கன்னத்தில் கை பதிந்தது. இப்போது விடாவிட்டால் இனி ஒருபோதும் விட மாட்டேன் என்று தெரிந்தது. விட்டேன்.

மஞ்சள் கோடு ஒன்று மானுக்குள் போய் மறைந்ததைக் கண்டேன். அது ஒரு துள்ளுத் துள்ளிப் பற்றைக்குள் ஓடியது. பிறகு சத்தமே இல்லை.

உடனே எழும்பிப் போகக் கூடாது. விழுந்து கிடப்பது ஆள் அசுமாத்தத்தில் எழும்பி ஓடினால் அதற்குத்தான் வேதனை. அரை மணித்தியாலமாவது இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்து, பரீட்சையில் சரியாக எழுதியும் இருந்தேன். இருந்தேன். வாழ்க்கையில் அத்தனை நீளமான அரை மணித்தியாலம் நான் கண்டதில்லை. ஷெல் விழுந்த நாட்களில் பங்கருக்குள் இருந்தது ஞாபகம் வந்தது. அப்போது பயந்தது எங்கள் உயிருக்கு. இது வேறு விதம். பற்றைக்குள் ஒரு உயிர் கிடக்கிறது, அதற்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, செய்தவள் நான். முருகா, முருகா என்று சொன்னேன். எதைக் கேட்கிறேன் என்றே தெரியாமல் கேட்டேன்.

பிறகு எழும்பிப் போனேன். அம்பு புல்லில் கிடந்தது. மூன்று செட்டையும் சிவந்து, அந்தச் சிவப்பில் சின்னச் சின்ன நுரைக் குமிழ்கள். நுரையீரல். அம்பைக் கையில் வைத்துக்கொண்டு குந்திவிட்டேன். முழங்கால் நோ கூடத் தெரியவில்லை. அங்கிருந்து ஒரு பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கிற தூரம்கூட இல்லை, மான் பக்கம் சரிந்து கிடந்தது. கண் திறந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், இமைக்கவில்லை. அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். அழுது முடித்து, அனுமதிச் சீட்டில் குறிக்க வேண்டியதைக் குறித்து, ஜக்கெற் கையை மடித்துவிட்டு, கத்தியை எடுத்து, நான் கடைசிக்கு ஒதுக்கி வைத்த அந்த அத்தியாயத்தில் படித்ததை என் கையால் செய்தேன். வோல்ட்டர் ட்ரக்டரோடு வந்தபோது வேலை முடிந்திருந்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

6

பங்கு போட்டது இவர். கராஜில் பிளாஸ்ரிக் விரிப்பு விரித்து, இறைச்சியை ஏழு கும்பமாகக் குவித்தார். ஒரு கும்பத்துக்குத் துடையும் இன்னொன்றுக்கு எலும்பும் என்று போகக் கூடாது. ஒவ்வொரு கும்பத்திலும் எல்லா இடத்திலுமிருந்து ஒரு துண்டு விழ வேண்டும், ஈரலும் ஏழாய்ப் பிரிய வேண்டும். அதில் அவர் வலு கண்டிப்பு. இங்கே மான் இறைச்சி விற்பது குற்றம், ஆகவே ஒரு சதமும் யாரிடமும் வாங்கவில்லை. ஏழு வீட்டுச் சட்டிகளிலும் ஒரே கறி கொதித்த வாசம் வரிசை முழுக்க இருந்தது. அந்தக் கராஜில் யாரோ எடுத்த படம்தான் கொக்குவில் வரை போயிருக்கிறது.

தீபாவளியன்று மத்தியானம் நிலானி வந்தாள், தன் பெட்டியோடு. வேட்டையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவர் மட்டும், “இவவின்ரை கையாலை,” என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் என் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு துண்டு போட்டுச் சாப்பிட்டேன். ருசியை எழுதத் தெரியவில்லை. ஒவ்வொரு வாயும் யோசித்து மென்றேன், அவ்வளவுதான் சொல்லலாம்.

எல்லோரும் போன பிறகு நான் சட்டி கழுவ, அவள் பக்கத்தில் துவாயோடு நின்று துடைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, டிட் இட் சஃபர்?”

ஒரு கிழமையாக இதற்கு ஒரு நல்ல பதில் என்னிடம் தயாராக இருந்தது. கெதியாய் முடிந்தது, அதற்கு ஒன்றும் தெரியாது, நீ யோசிக்காதே என்று. வாய் திறந்தபோது அது வரவில்லை.

“அது ஓடினது பிள்ளை. தூரமில்லை, கொஞ்சம்தான். ஆனா ஓடினது. அந்த நேரம் அதுக்கு எப்பிடி இருந்ததெண்டு எனக்குத் தெரியாது. தெரியுமெண்டு உனக்குப் பொய் சொல்லமாட்டன்.”

அவள் கையிலிருந்த சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

“அப்ப இனி விடப்போறீங்களா?”

“இல்லை. வாற வருஷமும் போவன்.”

கோபிப்பாள் என்று நினைத்தேன். கையை உதறிவிட்டுப் போய்க் காரில் ஏறுவாள் என்றும் நினைத்தேன். சட்டியை அலுமாரியில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். என் பக்கம் திரும்பி, ஒரு ஆங்கிலச் சொல்லும் கலக்காமல் சொன்னாள்:

“அப்ப இன்னும் கிட்ட வரும்வரைக்கும் பொறுத்திருக்கப் பழகுங்கோ, அம்மா.”